இராணுவ விமானத்தளங்களின் கருவிவழி அணுகுநெறிகள்: அறிவும் உடைமையும் பற்றிய ஒரு நோக்கு

விமானப் பயணத்தைத் திட்டமிடுவதற்கான மென்பொருளொன்றில் ஒரு விமான நிலையத்தின் பெயரைக் கொடுத்ததும், அந்நிலையத்தில் இறங்குவதற்குரிய நெறிகள் பட்டியலாக விரிகின்றன. விமானி அவற்றுள் ஒன்றைத் தெரிவுசெய்கிறார். அந்நெறி பயணப் பாதையின் இறுதிப் பகுதியாக இணைக்கப்பட்டு, திரையில் கோடாக வரையப்படுகின்றது. விமானிகள் இதனை 'நெறியை ஏற்றுதல்' என்பர். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சிவில் விமானியொருவர் இராணுவத் தளமொன்றின் பெயரைக் கொடுக்கும்போது பல வேளைகளில் வேறொரு நிலைமையை எதிர்கொள்கிறார். அத்தளத்திற்குரிய அணுகுவரைபடத்தைப் படமாகத் திறந்து பார்க்க முடிகின்றது; ஆயின் அந்நெறியைப் பாதையில் ஏற்ற முடிவதில்லை. சில தளங்களுக்குப் படமும் இல்லை.

இதனை மென்பொருளின் குறைபாடு என்று கருதுவோர் உளர். இராணுவ இரகசியம் என்று கூறி அமைவோரும் உளர். இரண்டும் மேலோட்டமான விளக்கங்களே. ஒரு பட்டியலில் எது இடம்பெறுகின்றது, எது விடுபடுகின்றது என்பதைத் தொழில்நுட்பம் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. அந்தப் பட்டியலுக்குரிய அறிவை யார் உற்பத்தி செய்தனர், யார் சரிபார்த்தனர், யார் உடைமையாக்கிக் கொண்டனர் என்னும் வினாக்களோடு அது பிணைந்துள்ளது. இலக்கியப் பிரதிகளின் உற்பத்தியையும் பரவலையும் சமூக உறவுகளின் பின்னணியில் ஆராயும் முறை எமக்குப் பழக்கமானது. அம்முறையை, உயிர்கள் நேரடியாகத் தங்கியிருக்கும் இந்தத் தொழில்நுட்பப் பிரதிக்கும் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. அணுகுநெறி என்பது யாது?

மேகமும் மூடுபனியும் நிலத்தை மறைத்திருக்கும் வேளையில், விமானி தன் கண்ணை நம்பி ஓடுபாதையை அடைய முடியாது. எந்த இடத்திலிருந்து எந்தத் திசையில் வரவேண்டும், எவ்விடத்தில் எந்த உயரத்திற்கு இறங்கலாம், எந்த உயரத்திற்குக் கீழே ஓடுபாதையைக் காணாமல் இறங்கலாகாது, காணாவிடின் எவ்வழியே மீண்டும் மேலெழ வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே வரையறுத்து வைத்திருப்பதே கருவிவழி அணுகுநெறியாகும். ஓடுபாதையின் நேர்கோட்டையும் இறங்குசரிவையும் வானொலிக் கற்றைகளால் காட்டும் முறைமையில், விமானி வழக்கமாகத் தரைக்கு மேல் 200 அடி வரை இறங்கிய பின்னரே முடிவெடுக்கிறார். ஒரேயொரு வானொலி நிலையத்தின் திசையை மட்டும் கொண்டு இறங்கும் பழைய முறையில் இந்தத் தாழ்வெல்லை மிகவும் உயர்வாக இருக்கும்.

இந்நெறி காகிதத்தில் சில கோடுகளாகவும் எண்களாகவும் தோன்றுகின்றது. ஆனால் அதன் பின்னால் செறிந்திருக்கும் உழைப்புப் பெரிது. குன்றுகளையும் கோபுரங்களையும் அளந்த நில அளவையாளர், தடைகளுக்கு மேல் எவ்வளவு இடைவெளி வேண்டுமெனக் கணித்த வடிவமைப்பாளர், அதனைப் பறந்து பார்த்துச் சோதித்த விமானிகள், வரைபடம் வரைந்தோர், பின்னாளில் அதனை எண்நிரலாக மாற்றியோர் ஆகிய பலரது கூட்டுழைப்பின் விளைவே ஓர் அணுகுநெறி. இவ்வுழைப்பின் மிகப் பெரும் பகுதி அரசுகளால், அதாவது மக்களின் வரிப்பணத்தால், மேற்கொள்ளப்படுவது என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

2. வரைபடத்திலிருந்து நிரலுக்கு

ஆரம்பத்தில் அணுகுநெறி என்பது விமானி கண்ணால் வாசிக்கும் வரைபடமாக மட்டுமே இருந்தது. விமானங்களில் கணினிகள் புகுந்தபின், அவ்வரைபடத்தைக் கணினி வாசிக்கும் வடிவில் எழுத வேண்டியதாயிற்று. 1975 இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட ஏரிங்க் 424 என்னும் நியமம் அதற்கான பொது வடிவத்தை வகுத்தது. ஒவ்வொரு பதிவும் 132 எழுத்துகளைக் கொண்ட ஒரு வரி. பாதையின் ஒவ்வொரு கூறும் 23 வகைகளுள் ஒன்றாக அமைய வேண்டும். அவ்வகை ஒவ்வொன்றையும் ஈரெழுத்துக் குறியீடு சுட்டுகின்றது: பாதை எவ்வாறு செல்கின்றது என்பதை முதலெழுத்தும், எங்கு முடிகின்றது என்பதை இரண்டாமெழுத்தும் காட்டும். பகுதியும் விகுதியும் சேர்ந்து ஒரு வினைமுற்று அமைவதைப் போல, இவ்விரண்டும் சேர்ந்தே பாதையின் ஒரு கூறு பொருள் பெறுகின்றது. தரவுகள் 28 நாட்களுக்கு ஒருமுறை உலகெங்கும் ஒரே நாளில் புதுப்பிக்கப்படுகின்றன.

வரைபடத்தை நிரலாக்குதல் வெறும் பிரதிபண்ணல் அன்று. அது ஒரு பெயர்ப்பு. பெயர்ப்பில் பாடபேதம் தோன்றுவது இயல்பு. ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் காலம் முதல் தமிழாய்வாளர் நன்கறிந்த இப்பிரச்சினை, விமானத்தில் உயிர்ப் பிரச்சினையாகின்றது.

1995 டிசம்பர் 20 ஆம் நாள் மியாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்குச் சென்ற அமெரிக்கன் எயர்லைன்ஸ் விமானம் இதற்குத் துயரமான சான்றாகும். அணுகுவரைபடத்தில் 'றோசோ' என்னும் வானொலி நிலையத்திற்கு 'ஆர்' என்னும் ஓரெழுத்து அடையாளம் தரப்பட்டிருந்தது. விமானிகள் அவ்வெழுத்தைக் கணினியில் இட்டனர். கணினியின் தரவுத்தளத்திலோ அவ்வெழுத்து பொகோட்டா நகரையடுத்த 'றோமியோ' என்னும் வேறொரு நிலையத்தையே முதலில் தந்தது. றோசோவைப் பெற அதன் பெயரை முழுமையாக எழுத வேண்டியிருந்தது. விமானம் தவறான திசையில் திரும்பி மலையில் மோதியது. 159 பேர் மாண்டனர், நால்வரே தப்பினர். விமானிகளின் தவறுகள் பல இருந்தன என்பது விசாரணையில் வெளிப்பட்டது. எனினும் 2000 ஆம் ஆண்டில் மியாமியில் யூரர் சபையொன்று பொறுப்பைப் பங்கிட்டபோது, விமானக் கம்பனிக்கு நூற்றுக்கு 75 பங்கையும், தரவுகளைத் தொகுத்த ஜெப்பெசன் நிறுவனத்துக்கு 17 பங்கையும், கணினியைச் செய்த ஹனிவெல் நிறுவனத்துக்கு 8 பங்கையும் சுமத்தியது. காகிதப் பிரதியும் கணினிப் பிரதியும் ஒன்றே என்னும் நம்பிக்கை எவ்வளவு ஆபத்தானது என்பதை இப்பங்கீடு சட்டத்தின் மொழியில் ஏற்றுக்கொண்டது.

இவ்வகை ஆபத்துகள் காரணமாகவே, செய்மதிவழி அணுகுநெறிகளைத் தரவுத்தளத்திலிருந்து பெயர் சொல்லி முழுமையாகப் பெற வேண்டும் என்றும், விமானி தன் கையால் புள்ளிகளை இட்டு நெறியை அமைத்துக்கொள்ளலாகாது என்றும் விதிகள் கூறுகின்றன. விதி நியாயமானதே. ஆனால் அதன் விளைவு கவனிக்கத்தக்கது. பட்டியலில் இல்லாத நெறி, அந்த விமானியைப் பொறுத்தவரை இல்லாத நெறியே ஆகிவிடுகின்றது. பட்டியலைத் தொகுப்பவரின் அதிகாரம் இங்கேதான் தொடங்குகின்றது.

3. இராணுவத் தளத்தின் தனித்தன்மை

சிவில் விமானமொன்று இராணுவத் தளத்தில் ஏன் இறங்க வேண்டும் என்று வினவலாம். முதலாவதாக, ஒரே ஓடுபாதையை இராணுவத்தினரும் சிவில் விமானங்களும் பகிர்ந்துகொள்ளும் தளங்கள் உலகெங்கும் உள்ளன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படையினரால் அமைக்கப்பட்ட எமது பலாலி, 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின்னரும் விமானப்படைத் தளமாக விளங்குவது யாவரும் அறிந்ததே. இரண்டாவதாக, முன் அனுமதி பெற்று இராணுவத் தளங்களுக்குச் செல்லும் சிவில் விமானங்கள் உண்டு. மூன்றாவதாக, எரிபொருள் குறைந்தோ இயந்திரம் பழுதுற்றோ தவிக்கும் விமானத்துக்கு அண்மையில் உள்ள ஒரே நீண்ட ஓடுபாதை இராணுவத் தளத்துடையதாக இருக்கலாம். இந்த மூன்றாவது நிலைமையிலேயே பட்டியலின் வெறுமை உயிரோடு தொடர்புறுகின்றது.

இராணுவ அணுகுநெறிகள் சிவில் தரவுத்தளங்களில் எளிதில் அடங்காமைக்கு உண்மையான தொழில்நுட்பக் காரணங்கள் சில உள என்பதை மறுப்பதற்கில்லை. யாவற்றையும் உடைமையுறவுக்குள் அடக்கிவிட முனைவது இயந்திரப் பாங்கான விளக்கமாகவே முடியும். இராணுவத் தளங்கள் பலவற்றில் உள்ள 'டக்கான்' என்னும் வானொலி வழிகாட்டி, திசையையும் தூரத்தையும் தருவது. அதன் தூரப் பகுதியைச் சிவில் விமானத்தின் கருவி வாசிக்கும். திசைப் பகுதியை வாசிப்பதற்கு இராணுவக் கருவி வேண்டும். அதுபோலவே, மிக உயரத்திலிருந்து விரைந்து இறங்கும் போர் விமானங்களுக்கென வகுக்கப்பட்ட நெறிகள் சிறிய சிவில் விமானத்துக்குப் பயன்படா.

இன்னொரு வகையான நெறி மேலும் சுவையானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் கதிர்வீச்சு ஆய்வுகூடத்தில் லூயி அல்வாரெஸ் முதலானோர் உருவாக்கிய ராடர்வழி இறக்கமுறையில், விமானியின் கையில் வானொலித் தொடர்பைத் தவிரச் சிறப்பான வழிகாட்டிக் கருவி எதுவும் வேண்டியதில்லை. தரையில் ராடர்த் திரையைப் பார்த்திருக்கும் கட்டுப்பாட்டாளர், 'சிறிது இடப்புறம்', 'சரிவுக்கு மேலே இருக்கிறீர்' என்று இடையறாது பேசிப் பேசியே விமானத்தை ஓடுபாதைக்குக் கொண்டுவருவார். 1948–49 இல் பேர்லின் நகருக்கு வான்வழியே உணவும் நிலக்கரியும் கொண்டுசென்றபோது இம்முறை பெரிதும் கைகொடுத்தது. இது எழுத்துப் பிரதியன்று, வாய்மொழிப் பிரதி. 132 எழுத்து வரிக்குள் இதனை அடைக்க இயலாது. ஆபத்திலுள்ள சிவில் விமானிக்கும் அமெரிக்காவில் இவ்வுதவியை வழங்கலாம் என்பது குறிப்பிடத்தக்கது. பட்டியலில் இல்லாத ஒரு வழி, மனிதக் குரலாகத் தரையில் இருக்கின்றது.

ஆயினும், தொழில்நுட்ப வேறுபாடு இவ்வளவோடு முடிந்துவிடுகின்றது. இராணுவத் தளங்களிலும் வானொலிக் கற்றைவழி நெறிகளும் செய்மதிவழி நெறிகளும் உள்ளன. இவற்றைச் சிவில் கருவிகள் தடையின்றி வாசிக்கக்கூடும். அமெரிக்காவில் தடைகளுக்கு மேலான இடைவெளியைக் கணிக்கும் 'டெர்ப்ஸ்' என்னும் விதித்தொகுதி, சிவில் விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கும் முப்படைகளுக்கும் பொதுவானது. அதாவது, இரு சாராரும் ஒரே இலக்கணத்தைக் கொண்டே எழுதுகின்றனர். இலக்கணம் ஒன்றாக இருக்க, நூல்கள் மட்டும் இரு நூலகங்களில் பிரித்து வைக்கப்பட்டிருப்பது ஏன்? இவ்விடத்தில்தான் தொழில்நுட்பத்தைக் கடந்து உடைமையின் வரலாற்றை நோக்க வேண்டியுள்ளது.

4. உடைமையின் வரலாறு

1930 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் விமான அஞ்சல் சேவையில் பணியாற்றிய எல்றே ஜெப்பெசன் என்னும் விமானி, மலைகளின் உயரம், ஓடுபாதைகளின் நீளம், விளக்குகள் இருக்குமிடம் ஆகியவற்றைச் சிறிய குறிப்புப் புத்தகமொன்றில் எழுதி வைத்தார். வரைபடமின்றிப் பறந்த சகாக்கள் பலர் மாண்டுகொண்டிருந்த காலம் அது. மற்ற விமானிகள் அக்குறிப்புகளை வேண்டினர். 1934 முதல் அவர் அவற்றைப் பிரதியொன்று 10 டொலருக்கு விற்கலானார். உழைப்பவரின் அனுபவ அறிவு பண்டமாக மாறிய கணம் இதுவே. இதில் தனிமனிதரைக் குறைகூற எதுவுமில்லை. அரசு செய்யாத பணியை அவர் செய்தார். அவரது குறிப்புகள் உயிர்களைக் காத்தன. எமது கவனத்திற்குரியது அதன் பின்னர் நிகழ்ந்த இயக்கமாகும்.

அந்நிறுவனம் 1961 இல் டைம்ஸ் மிரர் என்னும் பத்திரிகைக் கம்பனியின் கைக்குச் சென்றது. 2000 ஆம் ஆண்டில் பொயிங் நிறுவனம் 150 கோடி டொலருக்கு அதனை வாங்கிக்கொண்டது. விமானிகள் பெருமளவிற் பயன்படுத்தும் ஃபோர்ஃபிளைட் என்னும் பயணத்திட்ட மென்பொருளையும் அதே பொயிங் 2019 இல் தன்வசப்படுத்தியது. 2025 இல் இவ்விரண்டும் வேறு சில பகுதிகளுடன் சேர்த்து தோமா பிராவோ என்னும் முதலீட்டு நிறுவனத்துக்கு 1055 கோடி டொலருக்கு விற்கப்பட்டன. 10 டொலர்க் குறிப்புப் புத்தகம் நிதி மூலதனத்தின் சொத்தாகிய கதை இது. நிறுவனம் சேர்த்த உழைப்பு, அதாவது தொகுத்தல், ஒழுங்குபடுத்தல், நிரலாக்கல் என்பன மெய்யானவை. ஆயின் மூலப்பொருள், பல நாட்டு அரசுகள் பொதுப்பணத்தில் அளந்து வெளியிட்ட தகவலே என்பதும் மெய்.

அணுகுவரைபடம் பண்டமே என்பதை அமெரிக்க நீதிமன்றங்களும் வெளிப்படையாகக் கூறியுள்ளன. 1964 நவம்பரில் லாஸ் வேகாஸ் அருகே பொனான்சா விமானம் மலையில் மோதி 29 பேர் இறந்தனர். அவ்வழக்கில் 1981 இல் தீர்ப்பளித்த மேன்முறையீட்டு நீதிமன்றம், வரைபடத்தில் மேலிருந்து நோக்கும் படமும் பக்கவாட்டுப் படமும் வெவ்வேறு அளவுத்திட்டத்தில் அமைந்தும் ஒரே அளவினபோலத் தோற்றமளித்தமையைக் குறைபாடாக ஏற்று, வரைபடத்தைக் குறைபாடுள்ள ஓர் உற்பத்திப் பொருளாகவே கொண்டது. 1973 இல் அலாஸ்காவின் கோல்ட் பே அருகே சரக்கு விமானமொன்று விழுந்து ஆறுபேர் இறந்த வழக்கில், 1985 இல் வழங்கப்பட்ட தீர்ப்பு ஒருபடி மேலே சென்றது. குறை அரசு வகுத்த நெறியிலேயே இருந்தது, நாம் அதனை உள்ளபடியே வெளியிட்டோம் என்ற நிறுவனத்தின் வாதம் அங்கு எடுபடவில்லை. விற்பவரே பொறுப்பாளி. எனவே, தன் சந்தைக்குத் தேவையற்றதும் தனக்குப் பொறுப்பைக் கூட்டுவதுமாகிய ஒரு நெறியை நிறுவனமொன்று தன் பட்டியலிற் சேர்ப்பதற்கு ஊக்கம் குறைவாகவே இருக்கும். இராணுவத் தளங்களிற் பெரும்பாலானவை இத்தகையனவே.

அரசின் பக்கத்தில் நிகழ்ந்தது மேலும் சிந்தனைக்குரியது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம், உலகெங்குமுள்ள விமான நிலையங்கள், வழிகாட்டி நிலையங்கள், வான்பாதைகள், அணுகுநெறிகள் ஆகியவற்றை 'டாஃபிஃப்' என்னும் எண்வடிவக் கோப்பாகத் தொகுத்து வந்தது. ஒரு காலத்தில் இக்கோப்பு எவரும் இலவசமாகப் பெறக்கூடியதாக இருந்தது. பாவனை விமானப் பயிற்சிக்கான மென்பொருள்களை ஊதியமின்றி ஆக்கியோரும், சிறிய மென்பொருள்களை எழுதியோரும் அதிலிருந்தே தம் தரவுகளைப் பெற்றனர். 2004 இன் இறுதியில் அதனைப் பொதுமக்களிடமிருந்து விலக்கும் எண்ணம் அறிவிக்கப்பட்டது. எதிர்ப்புகள் எழுந்தபோதும் 2006 ஒக்டோபரில் அது நிறைவேற்றப்பட்டது. கூறப்பட்ட காரணங்களுள் பாதுகாப்பு ஒன்று. ஆனால் மற்றொரு காரணம், தரவுகளை வழங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் அவற்றின் மீது பதிப்புரிமை கோரத் தொடங்கியமை. முன்னர் அரசுத் திணைக்களங்களாக இருந்த விமானப் போக்குவரத்துச் சேவைகள் பல நாடுகளில் வருமானம் ஈட்டும் கூட்டுத்தாபனங்களாக மாற்றப்பட்டிருந்த காலம் அது. குன்றின் உயரமும் ஓடுபாதையின் திசையும்கூட விலைபொருளாயின.

ஆகவே, இரகசியம் என்னும் ஒற்றைச் சொல் இங்கு உண்மையை மறைக்கின்றது. இரகசியமாயின் வரைபடமும் மறைக்கப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்கச் சிவில் நிர்வாகம் வெளியிடும் இலவச வரைபடத் தொகுதிகளில் விமானப்படை, கடற்படை என்னும் அடையாளத்தோடு இராணுவத் தளங்களின் அணுகுவரைபடங்கள் பல இன்றும் காணப்படுகின்றன. அதே நிர்வாகம் 28 நாட்களுக்கொருமுறை இலவசமாக வெளியிடும் எண்நிரற் கோப்பிலோ அவையனைத்தும் இடம்பெறுவதில்லை. படமாகப் பொதுவில் உள்ளது, நிரலாக இல்லை. இராணுவ வாடிக்கையாளருக்கென நிறுவனங்கள் விற்கும் தனிப் பதிப்புகளிலோ பாதுகாப்புத் திணைக்களத்தின் தரவுகள் சேர்க்கப்பட்டுள்ளன. ஒரே மென்பொருள், ஒரே திரை, ஒரே ஓடுபாதை. பயன்படுத்துவோரின் சமூக நிலைக்கேற்பப் பட்டியல் மாறுகின்றது.

5. டுப்ரோவ்னிக்: சரிபார்க்கப்படாத பிரதி

இதுவரை கூறியவற்றிலிருந்து, எல்லா நெறிகளையும் எல்லாப் பட்டியல்களிலும் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று முடிவுசெய்தல் தவறாகும். இதன் மறுபக்கத்தைக் காட்டுவது 1996 ஏப்ரல் 3 ஆம் நாள் குரோஷியாவில் நிகழ்ந்த விபத்தாகும். இங்கு சிவில் விமானம் இராணுவத் தளத்துக்குச் செல்லவில்லை. இராணுவ விமானம் சிவில் நிலையத்துக்குச் சென்றது.

அமெரிக்க வர்த்தகச் செயலாளர் ரொன் பிறௌனும் தொழிலதிபர் குழுவொன்றும், போருக்குப் பிந்திய மீள்கட்டுமானத்தில் வணிக வாய்ப்புகளை ஆராயும் பொருட்டு அமெரிக்க விமானப்படையின் விமானமொன்றில் டுப்ரோவ்னிக் நகரின் சிலிப்பி விமான நிலையத்துக்குச் சென்றனர். அந்நிலையத்தின் நவீன இறங்குகருவிகள் போரின்போது பறிபோயிருந்தன. திசை மட்டும் காட்டும் இரு வானொலி நிலையங்களைக் கொண்ட பழைய வகை நெறியே எஞ்சியிருந்தது. பாதையை ஒன்றும், மேலெழ வேண்டிய இடத்தை மற்றொன்றும் காட்டின. ஒரே வேளையில் இரண்டையும் அறிவதற்கு இரண்டு வாங்கிகள் தேவை. அவ்விமானத்திலோ ஒன்றே இருந்தது. வரைபடம் காட்டிய தாழ்வெல்லை 2150 அடி. விமானம் உரிய பாதையிலிருந்து ஏறத்தாழ 9 பாகை இடப்புறம் விலகிச் சென்று மலையில் மோதியது. விமானத்திலிருந்த 35 பேரும் மாண்டனர்.

விமானிகளின் கையிலிருந்தது ஜெப்பெசன் நிறுவனம் குரோஷிய அதிகாரிகளின் தகவலைக் கொண்டு அச்சிட்ட வரைபடம். அமெரிக்க விமானப்படையின் விதிப்படி, பாதுகாப்புத் திணைக்களம் வெளியிடாத எந்த நெறியையும் படையின் வல்லுநர்கள் மீளாய்வு செய்து ஏற்ற பின்னரே பயன்படுத்தலாம். ஐரோப்பாவிலிருந்த படைப்பிரிவு இவ்விதியிலிருந்து விலக்குக் கேட்டது, விலக்கு மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்ட பின்னரும் மீளாய்வு செய்யப்படாத நெறிகளைப் பயன்படுத்தும் வழக்கம் நிறுத்தப்படவில்லை. டுப்ரோவ்னிக் நெறியை எவரும் மீளாய்வு செய்திருக்கவில்லை. செய்திருந்தால், அண்மையிலுள்ள மலைகளுக்கு உரிய இடைவெளி விடப்படவில்லை என்பது தெரியவந்திருக்கும். தாழ்வெல்லை பல நூறு அடி உயர்த்தப்பட்டிருக்கும். விமானம் வழிவிலகியிருந்தாலும் மலைக்கு மேலே சென்றிருக்கும். விசாரணைச் சபை மூன்று காரணங்களைக் கூறியது: கட்டளைப் பொறுப்பிலிருந்தோரின் தவறுகை, விமானிகளின் தவறு, நெறியின் பிழையான வடிவமைப்பு.

இம்மூன்றனுள் முதலாவதே எமது ஆய்வுக்கு முக்கியமானது. அச்சிட்ட வரைபடம் எல்லா நாடுகளுக்கும் ஒரே அமைப்பிலும், ஒரே எழுத்துருவிலும், ஒரே தாளிலும் வருகின்றது. நூறுமுறை பறந்து சோதிக்கப்பட்ட நெறியும், போரினால் சிதைந்த நாடொன்றில் அவசரமாக வகுக்கப்பட்ட நெறியும் தோற்றத்தில் ஒன்றாகவே உள்ளன. பண்டத்தின் இயல்பே இதுதான். தன்னை உண்டாக்கிய உழைப்பின் தரத்தையும் நிலைமைகளையும் அது தன் மேனியில் காட்டுவதில்லை. மார்க்ஸ் பண்டத்தின் மாயை என்று விளக்கியதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை. சரிபார்க்கும் உழைப்புக்கு நாட்களும் ஆட்களும் தேவை. பயண அட்டவணையின் அவசரம் அவ்வுழைப்பை வேண்டாச் செலவாகக் கருதியது. மென்பொருளின் பட்டியலில் இந்த மறைப்பு இன்னும் முழுமையாகின்றது. ஒரு பெயரைத் தொட்டதும் கோடு தோன்றுகின்றது. கோட்டை வரைந்தவர் யார், சோதித்தவர் யார் என்னும் வினாவுக்குத் திரையில் இடமில்லை.

6. முடிவுரை

பட்டியலில் இல்லாத நெறியும், சரிபார்க்கப்படாமலே கையில் கிடைத்த நெறியும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் ஒரே மூலத்திலிருந்து எழுகின்றன. முதலாவதில், பொதுப்பணத்தில் உருவான அறிவு உடைமையுரிமையாலும் நிர்வாகப் பிரிவினைகளாலும் தேவைப்படுவோரிடமிருந்து விலக்கப்படுகின்றது. இரண்டாவதில், அறிவு பண்டமாகத் தங்குதடையின்றி வந்து சேர்கின்றது. அதனை நம்பத்தக்கதாக்கும் உழைப்பு வழியில் உதிர்ந்துவிடுகின்றது. இரண்டிலும் அறிவு அதன் உற்பத்தியாளரிடமிருந்து அந்நியமாகி நிற்கின்றது.

சமூகத்தின் பொது அறிவே நேரடி உற்பத்திச் சக்தியாக மாறும் நிலையைப் பற்றி மார்க்ஸ் 1857–58 ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் எழுதினார். அணுகுநெறித் தரவுகள் அத்தகைய பொது அறிவின் துலக்கமான வடிவமாகும். எந்தத் தனிநிறுவனமும் எந்தத் தனியரசும் அதனை முழுமையாக உற்பத்தி செய்யவில்லை. உலகின் எல்லா நாடுகளும் ஒரே நாளில், ஒரே வடிவத்தில் தம் தரவுகளைப் புதுப்பிக்கின்றன என்பதே, இவ்வறிவின் உற்பத்தி ஏற்கெனவே சமூகமயமாகிவிட்டது என்பதற்குச் சான்று. உடைமை மட்டும் தனியாரிடத்தும் படைகளிடத்தும் பங்கிடப்பட்டுக் கிடக்கின்றது.

இதற்கு மாற்று கற்பனையன்று. அமெரிக்கச் சிவில் நிர்வாகம் தன் வரைபடங்களையும் நிரற்கோப்பையும் விலையின்றி வெளியிடுவதால் எந்த நாட்டின் பாதுகாப்பும் குலைந்துவிடவில்லை. எத்தனையோ சிறிய மென்பொருள்கள் அதனால் உருவாகியுள்ளன. சிவில் கருவிகள் வாசிக்கக்கூடியனவும், படமாக ஏற்கெனவே வெளியிடப்பட்டனவுமாகிய இராணுவத் தளங்களின் நெறிகளை அதே கோப்பில் சேர்ப்பது கடினமன்று. அத்துடன், ஒவ்வொரு நெறியும் யாரால் வகுக்கப்பட்டது, எப்போது பறந்து சோதிக்கப்பட்டது, எவ்விதித் தொகுதிக்கு அமைந்தது என்னும் விவரங்கள் பட்டியலிலேயே விமானியின் கண்முன் நிற்க வேண்டும். ஏட்டைப் பதிப்பிக்கும் அறிஞன் தான் கண்ட சுவடிகளை முன்னுரையிற் கூறாதுவிடின், அவனது பதிப்பை நாம் ஏற்பதில்லை. உயிர்களைச் சுமந்து இறங்கும் பிரதிக்கு அதனிற் குறைந்த நேர்மையை வேண்டுவது எவ்வாறு பொருந்தும்?

திறந்த உடைமை, வெளிப்படையான சரிபார்ப்பு ஆகிய இரண்டும் சேர்ந்தே பாதுகாப்பாகும். ஒன்றின்றி மற்றொன்று போதாது என்பதையே டுப்ரோவ்னிக் மலையில் மாண்ட 35 பேரின் கதை உணர்த்துகின்றது. தொழில்நுட்பம் வகுப்பது பாதையை. அப்பாதை யாருக்குத் திறக்கும், யாருடைய உழைப்பால் நம்பத்தக்கதாகும் என்பதைத் தீர்மானிப்பது சமூகமே.